லைன் வீட்டுக் கள்ளி

மகள் ரோஸ்லின் காய்ச்சலில் போன பிறகு பிரகாசியின் கண்கள் நிற்காமல் ஒழுகிக்கொண்டிருந்தன. அழுகை என்றால் அதற்கு ஒரு தொடக்கம் இருக்கும், ஒரு முடிவு இருக்கும், நடுவில் மூக்கைச் சிந்திவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்க இடமிருக்கும். இதற்கு அப்படி எதுவும் இல்லை, சோறு வடிக்கும்போது ஒழுகியது, உப்பளத்தில் பாத்திக்குள் இறங்கி வாருபலகையால் உப்பை இழுக்கும்போது ஒழுகியது, தூங்கும்போதும் ஒழுகி, தலையணை உறையை வெயிலில் காயப்போட்டால் அதில் வெள்ளையாக உப்புப் பூத்தது.

அவளும் அவள் புருசன் மிக்கேலும் இருந்தது அளத்து முதலாளி கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில். நாலா பக்கமும் பாத்திகள் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்க, நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடுகள் ஒரே வரிசையாக நிற்கும். ஒரு முனையில் சின்னக் கோயில், மறுமுனையில் கல்லறைத் தோட்டம், டவுனுக்குப் போக ஒரு ரோடு, அந்த ரோட்டில் வந்து போக ஒரு பஸ். லைனில் இருந்த அத்தனை பேரும் அந்த ஒரு அளத்தில்தான் வேலை பார்த்தார்கள். பெண்கள் உப்பு வாருவார்கள், ஆண்கள் அதை அம்பாரமாகக் குவித்து, மூட்டை பிடித்து, லாரியில் ஏற்றுவார்கள். மிக்கேல் லோடுமேன். அவன் மனைவிக்கு முன்னால் அழுவதில்லை. அழுகை வந்தால் அம்பாரத்துக்குப் பின்னால் போய் நின்று, முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவான்.

டவுன் கோயில் திருவிழாவுக்கு அவளை வம்பாக இழுத்துக்கொண்டு போனவள் அடுத்த வீட்டுச் சூசம்மா. அங்கே வளையல் கடைக்கும் அல்வாக் கடைக்கும் இடையில் ஒருவன் செடி விற்றுக்கொண்டிருந்தான். அவன் கையில் கடுகை நுணுக்கியதுபோலச் சில விதைகள் இருந்தன. வேறு தேசத்துக் கள்ளி, வீட்டுக்குள்தான் முளைக்கும், வருசக்கணக்காக ஆகும், தினமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவசரப்படுகிறவர்கள் வாங்க வேண்டாம் என்று அவன் கத்திக்கொண்டிருந்தான். வருசக்கணக்காக என்ற சொல்லில் பிரகாசி நின்றுவிட்டாள்.

"முள்ளுச் செடிய வீட்டுக்குள்ள யாராவது வப்பாவளாட்டி?" என்றாள் சூசம்மா.

"பாத்துக்கிட்டே இருக்கணுமாம்லாக்கா," என்றாள் பிரகாசி.

லைன் மண்ணில் புல் கூட முளைக்காது, அவ்வளவு உப்பு. ஆகவே கட்டட வேலைக்கு மணல் அடிக்கும் லாரிக்காரரிடம் கேட்டு ஆற்றுமணல் வாங்கினாள்; பொடிச் சரளை பொறுக்கினாள்; இஸ்திரி போடுகிறவரிடம் கரி வாங்கித் தூளாக்கினாள். மூன்றையும் கலந்து, பூஞ்சை வராமலிருக்க வாணலியில் போட்டு வறுத்து, ஆறவைத்து, பிஸ்கட் டின்னின் அடியில் ஆணியால் துளை போட்டு நிரப்பினாள். விதைகளை மூடாமல் மேலாக்கத் தூவினாள். பழைய காலண்டர் படத்தின் கண்ணாடியைக் கழற்றி டின்னின் மேல் வைத்து, டின்னைத் தண்ணீர்த் தட்டில் இறக்கி, ஈரம் அடியிலிருந்து ஏறட்டும் என்று ஜன்னல் ஓரம் விட்டாள்.

முளைத்தவை குண்டூசித் தலை அளவு பச்சை உருண்டைகள். சிலதைப் பூஞ்சை தின்றது. பாத்திகளிலிருந்து எகிறி ஜன்னல் வழியே உள்ளே விழுந்த வெளிச்சத்தில் சில சிவந்து சுருண்டன. அவள் ஜன்னலில் பேப்பர் ஒட்டினாள். கடைசியில் ஒன்றே ஒன்று பிழைத்தது. அதன் உச்சியில் பூனைக்குட்டி மீசைபோல முதல் முள் வந்த அன்று, கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவள் குனிந்து பார்க்க, கண்ணிலிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது. செடி அதைக் குடித்தது. பிரகாசியின் கண்கள் நின்றன.

அவள் நிமிர்ந்து முகத்தைத் தடவிப் பார்த்தாள், காய்ந்திருந்தது. மிக்கேல் வந்ததும் சொன்னாள்:

"இந்தச் செடி கண்ணீரக் குடிக்குதுங்க."

அவன் அவளுடைய காய்ந்த முகத்தைப் பார்த்தான், செடியைப் பார்த்தான். "நல்லதுதான," என்றான். பிறகு மீன் குழம்பு இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. இரண்டு பேரும் வெகுநாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

அதன் பின் அது கள்ளி வளர்கிற மாதிரி வளரவில்லை. விரலாகி, மணிக்கட்டாகி, தொடையாகி, டின்னிலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து பாதியாக அறுத்த தார் டிரம்முக்கும் மாறியது. முதலில் பிரகாசியின் கண்ணீரைக் குடித்தது, பிறகு மிக்கேல் அம்பாரத்துக்குப் பின்னால் போவது நின்றது, பிறகு இந்தப் பக்கத்துச் சுவருக்கும் அந்தப் பக்கத்துச் சுவருக்கும் அப்பால் குடித்தது, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் லைனில் ஒருவர் கண்ணிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. குழந்தைகள் வாயைத் திறந்து வீறிட்டன, கன்னம் நனையவில்லை. கல்யாணம் முடிந்து புருசன் வீட்டுக்குக் கிளம்பிய பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டு கொட்டாவி விட்டாள், மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் ஃபாதர் தொண்டை கட்டும்வரை பிரசங்கம் செய்தும் ஒரு முந்தானையும் கண்ணுக்குப் போகாததால், அடுத்த வருசம் அவர் பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். வெங்காயம் உரிப்பதில் லைன் பெண்களை அடிக்க ஆளில்லை என்று ஆனதும் டவுன் பிரியாணிக் கடைகள் மூட்டை மூட்டையாக அனுப்பின. வேலை முடிந்த சாயங்காலங்களில் பெண்கள் வாசலில் வட்டமாக உட்கார்ந்து, பண்டிகைப் பலகாரத்துக்கு மாவு உருட்டுவதுபோலச் சிரித்துப் பேசிக்கொண்டே உரித்தார்கள்.

செடியின் முள் நுனியில் காலையில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். பிரகாசி அதைத் தென்னங்குச்சியால் தட்டி எடுப்பாள். சூசம்மா ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்து, "இது நம்ம அளத்து உப்பு இல்லட்டி, கொஞ்சம் கசக்கு. ஆனா மீனுக்கு நல்லாருக்கும்," என்று கிண்ணத்தில் வாங்கிப் போனாள்.

பஸ்ஸில் போகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் தொந்தரவு. செடியின் எல்லை, ரோடு டவுனுக்குத் திரும்புகிற இடத்தோடு முடிந்துபோனது. அந்தத் திருப்பத்தைத் தாண்டியதும் பஸ்ஸில் இருக்கிற லைன்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பொங்கிக்கொண்டு வரும், அந்த மாதம் அழ வேண்டியது எல்லாம் அங்கே வரும், காய்கறி வாங்கப் போகிறவன் செத்துப்போன தம்பியை நினைத்துக் கம்பியில் முட்டிக்கொண்டு அழுவான். கண்டக்டர் அதற்குத் தகுந்தாற்போல் திருப்பத்துக்கு முன்னாலேயே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, தோளில் ஒரு துண்டோடு காத்திருப்பார். நாளாக நாளாக லைன்காரர்கள் டவுனுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். வேண்டிய சாமான்களை வருகிற லாரிகளிலேயே சொல்லிவிட்டு வாங்கினார்கள். பிரகாசி ஒருமுறைகூடத் திருப்பத்தைத் தாண்டவில்லை.

அளத்து மேனேஜர் ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் வீட்டுக்குள் வந்தார். செடி அப்போது கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைச் சுற்றிவந்து, தொடாமல் கும்பிடுவதுபோலக் கையைக் குவித்து வைத்துக்கொண்டு பார்த்தார். முன்பெல்லாம் ஒரு சாவு விழுந்தால் லைன் முழுக்க மூன்று நாள் வேலைக்கு வராது. இப்போது அடக்கம் முடித்த கையோடு பாத்தியில் இறங்குகிறார்கள். முன்பெல்லாம் வேலை நேரத்தைக் கூட்டினால் யாராவது ஒரு பெண் வரப்பில் உட்கார்ந்து அழ ஆரம்பிப்பாள், அவளைப் பார்த்து நாலு பேர் அழுவார்கள், பிறகு ஆண்கள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஆபீஸ் வாசலுக்கு வருவார்கள். அந்த லைனில் எந்தக் கோபமும் ஒரு அழுகையில்தான் ஆரம்பித்திருக்கிறது. இப்போது நேரத்தைக் கூட்டினார்கள், கூட்டியது தெரிந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"நல்லாப் பாத்துக்க பிரகாசி," என்றார் மேனேஜர். "உரம் வேணுமா, என்ன வேணும்னாலும் ஆபீசுல கேளு." செடி பூத்துச் சிவப்பாகக் காய்த்தபோது பழங்களை அவரே வந்து பறித்துப் போனார். முதலாளிக்கு இன்னும் நாலு இடத்தில் அளம் இருந்தது. அங்கேயும் லைன் வீடுகள் இருந்தன.

கண்ணில் உப்புத் தூசி விழுவது அளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குப் புதிதல்ல, விழும், கண் கலங்கும், தூசி கரைந்து வெளியே வந்துவிடும். இப்போது விழுந்த தூசி விழுந்த இடத்தில் கிடந்தது. கண்கள் சிவந்தன, பிறகு மண் விழுந்ததுபோல் உறுத்தின, பிறகு சிலருக்குப் பாத்தியும் வரப்பும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தன. மேனேஜர் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார். கோயில் முன்னால் கூட்டம் போட்டுச் செடியை என்ன செய்யலாம் என்று பேசினார்கள். அதிகம் பேசவில்லை. பார்வை ஏறக்குறையப் போய்விட்ட வியாகப்பன் என்ற பெரியவர் எழுந்து நின்று, "எம் பொஞ்சாதி துடிச்சிச் செத்தத நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தவன். கண்ணு போனாப் போவுது, செடி இருக்கட்டும்," என்றார். எல்லோரும் அதற்குத் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். பிரகாசிக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் சூசம்மாவின் புருசன் அருளப்பன் செத்துப்போனார். மழைக்காக ஓலைக் கீற்று போட்டு மூடிவைத்த அம்பாரம் இறுகிப் பாறையாகிக் கிடந்தது. லாரி காத்துக்கொண்டு நிற்க, அவர் அதன் அடியில் கடப்பாரையால் குடைந்துகொண்டிருந்தபோது மேல்பாகம் அப்படியே பெயர்ந்து அவர்மேல் உட்கார்ந்தது. மிக்கேலும் மற்றவர்களும் கையால் தோண்டி எடுத்தார்கள். வெள்ளையாக வந்தார், புருவத்தில் உப்பு, காதுக்குள் உப்பு. வீட்டில் கொண்டுவந்து கிடத்தினார்கள். பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஒப்பாரி எழவில்லை. பிறகு ஒருத்தி டீ போடவா என்று கேட்டாள், இன்னொருத்தி பிரியாணிக் கடைக்கு மூட்டை இன்றைக்கு அனுப்ப வேண்டுமே என்றாள். மேனேஜர் வந்து மாலை போட்டுவிட்டு, வெயில் தாழ அடக்கம் வைத்துக்கொள்ளலாம், காலையில் லோடு இருக்கிறது என்றார். சரி என்றார்கள்.

சூசம்மா புருசனுடைய புருவத்து உப்பை விரலால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். தள்ளி முடித்ததும் எழுந்து பிரகாசியின் வீட்டுக்கு வந்தாள். நடுமத்தியானம். பிரகாசி செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி பிரகாசி, எனக்கு அழணும்."

"பஸ்ஸு வந்துரும்க்கா. திருப்பத்தத் தாண்டிப் போய்ட்டு வாங்க. நான் கூட வாரதுக்கு இல்ல, வேற யாரயாவது..."

"அவரு இங்க கெடக்காரு, நான் பஸ்ஸுல போயி யார் மூஞ்சியப் பாத்து அழ?" சூசம்மாவின் கண்கள் சிவந்து, வறண்டு, இமை ஒட்டிக்கொண்டிருந்தன. "மண்ணப் போட்டு மூடுறதுக்குள்ள அழணும்ட்டி. குடிச்சிட்டு வந்து மிதிச்சிருக்காரு. எனக்குக் காச்சல்னா விடிய விடியக் காலும் பிடிச்சி விட்ருக்காரு. ரெண்டுக்கும் சேத்து அழணும். நெஞ்சுக்குள்ள கல்லு மாதிரிக் கெடக்கு, அசைய மாட்டக்கு. இத வச்சிக்கிட்டு நான் எப்படி நாளைக்கி உப்பு வார?"

பிரகாசிக்கு அவள் என்ன கேட்கிறாள் என்று புரிந்தது.

"அது போச்சின்னா ரோஸ்லின் எனக்குத் திரும்பச் சாவாக்கா."

சூசம்மா டிரம்மைப் பார்த்தாள். டிரம்மிலிருந்து கசிகிற ஈரம் தரையில் ஓடாமலிருக்க அடியில் ஒரு துணி செருகியிருந்தது.

"அது பிள்ளைக்க யூனிபார்ம் பாவாடைதான?" என்றாள்.

பிரகாசி குனிந்து பார்த்தாள். நீலப் பாவாடை. அடுத்த வருசத்துக்கும் ஆகட்டும் என்று கீழே அவளே மடித்துத் தைத்த தையல் அப்படியே இருந்தது. எப்போது அதை அங்கே செருகினோம் என்று யோசித்தாள். ஞாபகம் வந்தது, ஒரு காலையில் தரை ஈரமாக இருந்தது, கைக்குக் கிடைத்த துணி அது, அவ்வளவுதான். பல் விழுந்த இடத்தை நாக்கு தடவிப் பார்ப்பதுபோல அவள் தன் நெஞ்சுக்குள் வலியைத் தேடிப் பார்த்தாள். எல்லாம் ஞாபகத்தில் இருந்தது, ரோஸ்லினின் சுருட்டை முடி, வலது கன்னத்து மச்சம், காய்ச்சலில் அவள் கேட்ட ஐஸ், ஆனால் யாரோ சொல்லிக் கேட்ட யாருடைய பிள்ளையோபோல இருந்தது. பிரகாசிக்குப் பயம் வந்தது. வெகுநாளாக அவளுக்குப் பயம்கூட வந்ததில்லை.

அரிவாளை எடுத்துக்கொண்டு திரும்பியபோது வாசலில் மிக்கேல் நின்றிருந்தான், உடம்பெல்லாம் அருளப்பனைத் தோண்டிய உப்போடு.

"வேண்டாம் பிரகாசி."

"நகருங்க."

"ஆஸ்பத்திரி வாசல்ல அவளத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னேன்லா. கனமே இல்லாமக் கெடந்தா. அது திரும்ப வரும். நான் தாங்க மாட்டேன்."

"அவ இனிமே அந்த வழியாத்தாங்க வருவா," என்றாள் பிரகாசி. "வேற வழி அவளுக்கு இல்ல. அந்த வழியயும் நம்ம அடச்சிப் போட்டுட்டோம்."

மிக்கேல் மூட்டை தூக்குவதற்காகத் தோளில் போட்டிருந்த சாக்கை எடுத்து, இரண்டாகக் கிழித்து, முள் ஏறாமலிருக்க அவள் கைகளில் சுற்றிக் கட்டிவிட்டான். கட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

சாக்கு முள்ளுக்குத் தாங்கவில்லை. முதல் வெட்டிலேயே அவள் கையில் ரத்தம் வந்தது. கள்ளி என்றால் பால் வர வேண்டும், இதில் பால் வரவில்லை, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் குபுக்கென்று வந்து, தரையில் பரவி, கணுக்காலை மூடி, வாசல்படியைத் தாண்டி லைனின் சாக்கடையில் இறங்கி ஓடியது. அவள் ஓங்கி ஓங்கி வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் லைனில் ஒரு வீடு ஓவென்று அலறியது. செடி கூரையிலிருந்து சரிந்து விழுந்தபோது அடுத்த வீட்டில் சூசம்மாவின் குரல் எழுந்தது, "என்னய விட்டுட்டுப் போய்ட்டீரே, பாவி மட்ட, என்னய விட்டுட்டுப் போய்ட்டீரே" என்று அவள் புருசனுடைய நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள், திட்டித் திட்டி அழுதாள், அவளைச் சுற்றி வெங்காயக் கத்தியோடு உட்கார்ந்திருந்த பெண்கள் கத்தியைப் போட்டுவிட்டு அழுதார்கள், வியாகப்பன் தெருவில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளி அழுதார், சின்னப் பிள்ளைகள் தங்கள் கன்னம் நனைவதைப் பார்த்துப் பயந்து அழுதார்கள். மிக்கேல் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, மகளுடைய பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். தூக்கிப் போனவர்களுக்குப் பாதை தெரியாத அளவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்ததால் அருளப்பனுடைய பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேரப் பொழுது இருட்டிவிட்டது.

மறுநாள் ஒருவரும் பாத்தியில் இறங்கவில்லை. ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். அம்பாரத்தின் அடியில் ஆளை அனுப்பியது யார் என்று கேட்டார்கள், எங்கள் கண்ணுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். மேனேஜர் முதல்நாள் சமாதானம் சொன்னார், பிறகு பேச்சை நிறுத்திவிட்டு வேறு இடத்திலிருந்து ஆட்களை லாரியில் இறக்கினார். இறங்கியவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அவர்களுடைய லைனிலும் ஜன்னலோரம் கள்ளி தட்டுத் தட்டாக முளைத்திருக்கிறதாம், விரல் உயரம் வந்துவிட்டதாம். தாங்கள் ஏன் அங்கே வந்திருக்கிறோம் என்று அவர்கள் கேட்கவில்லை, வாசலில் உட்கார்ந்து அழுகிறவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலைக்கு இறங்கினார்கள். தங்கள் செடிகளை விட்டு இங்கே தங்கிய முதல் இரண்டு நாள் அவர்களுக்கும் ஒழுகத்தான் செய்தது. பிறகு அவர்களைச் சாயங்காலமே அவர்கள் லைனுக்குத் திருப்பி அனுப்பிவிடும்படி மேனேஜர் ஏற்பாடு செய்தார்.

இத்தனையிலும் பிரகாசிக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை.

வரும் என்று அவள் காத்திருந்தாள். பாவாடையைத் துவைத்துக் காயவைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கல்லறைக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் நடந்ததை மிக்கேலைச் சொல்லச் சொன்னாள், அவன் பாதி சொல்வதற்குள் உடைந்துபோனான், அவள் அவனுடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஒருநாள் பஸ் ஏறித் திருப்பத்தைத் தாண்டிப் போனாள். கண்டக்டர் துண்டை நீட்டினார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். செடி முதலில் குடித்தது அவளுடையதை. எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்ததில் அவள் பங்கு மட்டும் மிஞ்சவில்லை என்று லைனில் பேசிக்கொண்டார்கள். இப்படியும் ஆகும், என்ன செய்ய, என்றார்கள்.

அருளப்பனுடைய நாற்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, சூசம்மா கறுப்புச் சேலையோடு நேராகப் பிரகாசியின் வீட்டுக்கு வந்து, அவளுக்கு எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"இன்னைக்கி நான் அவருக்காக அழ வரல," என்றாள். "அவருக்கு அழுதாச்சி. ரோஸ்லினுக்கு அழ வந்திருக்கேன்."

பிரகாசி அவளுக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்கூட்ல கருவாடு பொரிச்சா ஒனக்கு முன்னால அவளுக்கு மணந்துரும் தெரியுமா? வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, கேக்கவும் மாட்டா, போவவும் மாட்டா. 'பெரிம்மா, சும்மா வந்தேன்'ம்பா. ஒருநா நான் வேணும்னே குடுக்கல. பாப்போம், கேக்காளான்னு. கேக்கவே இல்லட்டி. 'சரி பெரிம்மா'ன்னுட்டுப் போய்ட்டா. குடுத்திருக்கலாம்ட்டி. ஒரு துண்டு குடுத்திருக்கலாம்."

அவள் அழுதாள். கண்ணிலிருந்து இறங்கி, கன்னத்துச் சுருக்கத்தில் ஓடி, தாடையில் திரண்டு நின்றதைப் பிரகாசி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முள் கிழித்த தழும்புள்ள தன் உள்ளங்கையைச் சூசம்மாவின் தாடைக்குக் கீழே நீட்டினாள். ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அதை அவள் விரலால் தொட்டு, தன் வறண்ட இமையைத் திறந்து, உள்ளே தடவினாள்.

சுள்ளென்று ஏறியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எரியுதாட்டி?" என்றாள் சூசம்மா.

"எரியுதுக்கா."

"அவ ஒருநா எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா," என்று சூசம்மா மறுபடி ஆரம்பித்தாள். பிரகாசி மற்றக் கண்ணுக்காகக் கையை நீட்டினாள்.